லெகோ கட்டையில் ஒரு ராஜகோபுரம்

நவராத்திரிக்கு ஊருக்குப் போய் வந்தவர்கள் பட்டுப் புடவையும் முறுக்கும் கொண்டு வருவார்கள். நான் இந்த முறை ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டுபோய், அதே கட்டைகளைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறேன். போகும்போது அவை ஓர் ஐரோப்பியக் கோட்டையாக இருந்தன. திருப்பதியில் சில நாள் கோபுரமாக நின்றன. இப்போது மறுபடியும் வெறும் கட்டைகள். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதையும், அந்தக் கட்டைகளின் கதையையும், கோபுரம் என்பது எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் ஒன்பது பத்து வயதுக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு இது பயன்படக் கூடும்.

நான் பிறந்து வளர்ந்தது சித்தூரில். 1911இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிரித்து உண்டாக்கிய மாவட்டம் அது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, இரண்டும் கலந்த ஒரு மொழி கடைத்தெருவில். எங்கள் வீட்டில் கொலு நவராத்திரியில். எதிர் வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தில் சங்கராந்திக்கு 'பொம்மல கொலுவு'. ஆகவே எங்கள் தெருக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை சுண்டல் கிடைத்தது.

பொம்மைகளைப் படியில் அடுக்குவது பெரியவர்கள் வேலை. படிக்குக் கீழே தரையில் 'பார்க்' வைப்பது எங்கள் வேலை. மண்ணைக் குவித்து மலை செய்து, கடுகும் கேழ்வரகும் தூவி முளைக்க வைத்து, உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாக்குவோம். மலை என்றால் எங்களுக்குத் திருமலைதான். 1944இல் திறந்த முதல் மலைப்பாதையின் வளைவுகளை விரலால் கோடு இழுத்து, தீப்பெட்டியைப் பஸ்ஸாக ஓட்டுவோம். அட்டையில் கோபுரம், குச்சியில் கொடிமரம். யாரும் எங்களுக்கு வரைபடம் தரவில்லை. பார்த்ததைக் கையில் இருப்பதைக் கொண்டு செய்தோம்.

இன்று உலகெங்கும் லெகோ கட்டைகளை வைத்துக்கொண்டு பெரியவர்களும் சிறியவர்களும் செய்வது இதைத்தான். பெட்டியோடு வரும் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தம் மனத்தில் தோன்றியதைக் கட்டுகிறார்கள். 'என் சொந்தப் படைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'எம்.ஓ.சி.' என்று அதற்குப் பெயர்.

கட்டையின் கதை

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. பிளாஸ்டிக் கட்டை முழுக்க அவர் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் அதற்கு முன்பே ஒன்றோடொன்று பொருந்தும் கட்டைகளைச் செய்து விற்றார். அவற்றைப் பார்த்து, 1949இல் லெகோ தன் கட்டைகளை வெளியிட்டது.

அந்த முதல் கட்டைகளின் மேலே குமிழ்கள் உண்டு. அடியிலோ வெறும் குழிவுதான். அடுக்கினால் நிற்கும், ஆட்டினால் விழும். 1958 ஜனவரி 28 அன்று ஓலேயின் மகன் காட்ஃபிரெட் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கட்டையின் அடியில் சிறு குழல்களைச் சேர்த்ததுதான் அதன் சாரம். கீழ்க் கட்டையின் குமிழ், மேல் கட்டையின் சுவருக்கும் குழலுக்கும் இடையே இறுக்கமாக அகப்பட்டுக்கொள்ளும். குமிழுக்கு விட்ட இடம் குமிழைவிட மயிரிழை குறைவு. பிளாஸ்டிக் சற்றே வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. பசை வேண்டாம், ஆணி வேண்டாம், குழந்தையின் கையாலேயே பிரித்தும் விடலாம். 1958இல் செய்த கட்டை இன்று வாங்கிய கட்டையோடும் பொருந்துகிறது.

இந்தப் பொருத்தத்துக்குக் காரணம் அளவுச் சுத்தம். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தகடு ஒன்றின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2. ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். அது சரியாக இரண்டு குமிழ் அகலம். அதனால் கட்டைகளை மேல்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் திருப்பி ஒட்டலாம். கோபுரத்தின் முகப்பில் பதுமைகளை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு வரப்பிரசாதம்.

எத்தனை விதமாகக் கட்டலாம்? எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாக இணைக்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஆறு கட்டைகள் இருந்தால் 91,51,03,765 விதம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினி வைத்து எண்ணிச் சொன்னார். ஆறு கட்டைக்கே தொண்ணூற்றொரு கோடி! குறிப்புப் புத்தகம் அதில் ஒரே ஒரு வழியைத்தான் காட்டுகிறது.

ரசிகர்களின் சொந்தப் படைப்புகளுக்குக் கம்பெனியே கதவு திறந்ததும் உண்டு. 2008இல் ஜப்பானில் தொடங்கி, 2011இல் உலகம் முழுவதற்கும் விரிந்த திட்டத்தில், யார் வேண்டுமானாலும் தம் படைப்பை முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி அதைப் பரிசீலிக்கும். ஷின்காய் 6500 என்ற ஜப்பானிய ஆழ்கடல் ஆய்வுக்கலமும், ஹயபுசா விண்கலமும் இப்படி முதலில் வெளிவந்தவை. எல்லென் கூய்மன் என்ற புவி வேதியியல் அறிஞர் முன்வைத்த பெண் விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடம் 2014இல் கடைக்கு வந்தது. இந்தியக் கட்டடங்களில் தாஜ் மகாலை 2008இல் கம்பெனியே 5,922 துண்டுகளில் வெளியிட்டது.

பிரிக்கலாமா, கூடாதா?

என் பேத்திக்கு வயது ஒன்பது. சென்ற பிறந்த நாளுக்கு வந்த கோட்டையைப் புத்தகம் பார்த்து, ஒரு துண்டு தவறாமல் கட்டி முடித்து, அலமாரியின் மேல் வைத்தாள். அதன்பின் யாரையும் தொட விடவில்லை. திருப்பதிக்குப் புறப்பட்டபோது அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். தனியாக ஒரு பையில் உதிரிக் கட்டைகளும் வந்தன.

என் அக்கா வீடு திருப்பதியில், கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில். மொட்டை மாடியில் ஏறினால் மட்லி வம்சத்தார் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம் கண்ணெதிரே நிற்கும். அடுத்த வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன். வீட்டில் தமிழ் பேசுவான், எழுதுவது படிப்பது எல்லாம் தெலுங்கில். என் பேத்திக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாய் திறந்தால் ஆங்கிலம். அவனுக்கு அவள் ஆங்கிலம் எட்டவில்லை, அவளுக்கு அவன் தெலுங்கு எட்டவில்லை. முதல் நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் பையன் தன் கட்டைகளைக் கொண்டு வந்தான். கடைத்தெருவில் எடைக்கு வாங்கியவை. லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகி வெகுகாலமாகிறது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்தது. எனவே அதே அளவில் பலரும் கட்டை செய்கிறார்கள். பொருந்துகின்றன, ஆனால் எல்லாம் ஒரே இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அச்சு நூலிழை தேய்ந்திருந்தாலும் பிடி தளர்ந்துவிடும்.

"கோபுரம் கட்டலாமா?" என்று அவன் தமிழில் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஏண்டா, சாமி கோபுரத்தைப் போய்ப் பிளாஸ்டிக்கிலயா கட்டறது?" என்று என்னைக் கேட்டாள். "அக்கா, மாடியிலிருந்து பார்க்கிறியே, அதுவும் கீழே கல்லு, மேலே செங்கல்லும் சுதையும்தானே? இதுவும் ஒரு செங்கல்தான்" என்றேன். சற்று யோசித்தாள். "உள்ளே சாமி வெக்கக் கூடாது. பக்கத்துல மரப்பாச்சி ஜோடியை நிறுத்துங்க" என்று நிபந்தனையோடு ஐந்தாம் படியை ஒதுக்கித் தந்தாள். சேஷாசல மலைக்காட்டுச் செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி அது, எங்கள் பாட்டியின் கல்யாணத்துக்கு வந்தது. செம்மரத்தின் சர்வதேச வாணிபத்துக்கு 1995 முதல் கட்டுப்பாடு உண்டு என்பதால், அது போன்றதை இனி லேசில் வாங்க முடியாது.

கோபுரம் ஏன் விழுந்தது?

இருவரும் அன்று மாலைக்குள் மூன்று நிலை எழுப்பிவிட்டார்கள். நான்காம் நிலை வைக்கும்போது எல்லாம் உள்ளே சரிந்து விழுந்தது. பையன் என்னைப் பார்த்தான். பேத்தி அழுதுவிடுவாள் போலிருந்தது. "தாத்தா, ஏன் விழுது?" என்றாள். அவள் முழுசாகத் தமிழில் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

காரணம் எளியது. கோபுரம் மேலே போகப் போகக் குறுக வேண்டும். ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிட எல்லாப் பக்கமும் ஒரு குமிழ் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இவர்கள் சுவரை ஒரு குமிழ் கனத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு குமிழ் உள்ளே தள்ளினால் மேல் சுவருக்கு அடியில் ஒன்றுமே இல்லை! அங்கங்கே சில கட்டைகளை உள்பக்கம் நீட்டிவிட்டு, அவற்றின் மேல் ஏற்றியிருந்தார்கள். பாரம் கூடியதும், பிடி தளர்ந்த கட்டை முதலில் கழன்றது.

சுவர் இரண்டு குமிழ் கனம் இருந்தால், மேல் சுவரின் பாதி கீழ்ச் சுவரின் மேல் உட்காரும். கட்டையின் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல், கொத்தனார் செங்கல் வைப்பது போல மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நடுவே நான்கு குமிழ் அகலத்தில் வாசல். அதன் மேல் உத்தரமாக எட்டுக் குமிழ் நீளக் கட்டை. தளர்ந்த கட்டைகளை அடியில், பாரம் அழுத்திப் பிடிக்கும் இடத்தில் போட வேண்டும். நல்ல பிடியுள்ளவற்றை வாசலின் மேலும், சுவர் உள்ளே தள்ளும் இடங்களிலும் வைக்க வேண்டும்.

காகிதத்தில் கணக்குப் போட்டோம். அடி நிலை 32 குமிழ் அகலம், 20 குமிழ் ஆழம். அதாவது சுமார் 26 சென்டிமீட்டருக்கு 16. ஒவ்வொரு நிலையிலும் இரண்டிரண்டு குறைந்தால் ஏழாம் நிலை 20க்கு 8. வரிசைகள் கீழிருந்து 6, 5, 5, 4, 4, 3, 3. மொத்தம் 30 வரிசை, உயரம் 29 சென்டிமீட்டர். இதற்கு எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஏறத்தாழ 570 வேண்டும். இருவரிடமும் இருந்ததை எண்ணினால் பாதிகூடத் தேறவில்லை.

அப்போது பையன்தான் சொன்னான்: "பின்னாடி யார் பார்க்கப் போறாங்க?" உண்மைதான். கொலுப் படியில் பின்பக்கம் தெரியாது. நாங்கள் சித்தூரில் அட்டைக் கோபுரத்துக்குச் செய்த அதே தந்திரம். பின் சுவரை விட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே முட்டுக் கொடுக்க அக்கா காலி இனிப்புப் பெட்டிகளைத் தந்தாள். அப்படியும் நூறு கட்டைக்கு மேல் குறைந்தது. எல்லோர் கண்ணும் அந்தக் கோட்டையின் மேல் போயிற்று.

பேத்தி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "இதைப் பிரிச்சா இது போயிடும்" என்று அரைத் தமிழில் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் பொருள், அவள் இஷ்டம். இரவு சாப்பாட்டின்போது அக்கா தன் போக்கில் சொன்னாள்: "விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சுடுவோம். அப்புறம் எல்லாத்தையும் துணியில சுத்திப் பெட்டியில போட்டுடுவோம். படியையும் பிரிச்சுடுவோம். அறுபது வருஷமா வெக்கறேன், ஒரு வருஷம் வெச்ச மாதிரி மறு வருஷம் வெச்சதில்ல. கொலு எங்கேயும் போயிடல."

மறுநாள் காலை நான் எழுந்தபோது கோட்டை பாதி பிரிந்திருந்தது. பேத்தி துண்டுகளை நிறவாரியாகத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கோபுரமே ஒரு கட்டை விளையாட்டு

மாடிக்கு அழைத்துப் போய் இருவருக்கும் கோபுரத்தைக் காட்டினேன். நம் சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு உறுப்புகளாகப் பிரிக்கின்றன. அடியில் அதிட்டானம், அதன் மேல் பாதம் என்ற சுவர், சுவரின் மேல் பிரஸ்தரம் என்ற கூரை விளிம்பு, பிறகு கிரீவம் என்ற கழுத்து, அதன் மேல் சிகரம், உச்சியில் ஸ்தூபி. மனித உடம்பைப் போலவே பாதத்தில் தொடங்கிக் கழுத்து, தலை என்று போகிறது. ஒரு நிலைக் கோயிலுக்கு இவை ஆறும் போதும்.

பல நிலைக் கோபுரம் எப்படி வருகிறது? இங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் வரிசையாக நிற்பவை வெறும் அலங்காரம் அல்ல. அவை குட்டிக் கோயில்கள். மூலையில் சதுரமான கர்ணகூடு. நடுவில் நீண்ட, வண்டிக் கூண்டு போன்ற கூரையுடைய சாலை. இடையில் ஒடுக்கமான பஞ்சரம். இந்த மூன்றே வகைத் துண்டுகளை அளவு மாற்றி, எண்ணிக்கை மாற்றி, நிலைக்கு நிலை அடுக்கித்தான் நம் ஸ்தபதிகள் இத்தனை விதமான கோபுரங்களைப் படைத்தார்கள். உச்சியில் இருப்பதும் ஒரு பெரிய சாலையே. டென்மார்க்குத் தச்சருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சில துண்டுகளைக் கொண்டு எண்ணற்ற வடிவம் செய்யும் வித்தை நம்மிடம் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் வேலை விறுவிறுப்பாயிற்று. நான்கு கட்டையில் ஒரு கர்ணகூடு, ஏழில் ஒரு சாலை என்று இருவரும் தனித்தனியே செய்து குவித்தார்கள். "அண்ணா, இன்னும் ரெண்டு சாலை!" என்று பேத்தி கத்துவாள். "மூலைக்குக் கூடு இல்ல, குடு!" என்பான் அவன். அந்தச் சொற்களுக்கு இருவருக்கும் வேறு மொழியில் வார்த்தை தெரியாது. ஆகவே தமிழ் தானாக வந்தது.

கடைசியில் ஒரு சிக்கல். கலசம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது மரபு. ஏழு என்று முடிவு செய்தோம். ஆனால் உச்சியின் அகலம் 20 குமிழ், இரட்டைப்படை. நடுக் கலசம் பத்தாம் குமிழுக்கும் பதினோராம் குமிழுக்கும் இடையில் வர வேண்டும்; அங்கே குமிழே இல்லை. கோட்டையில் கொடிகளைத் தாங்கிய சிறு தகடுகள் இதற்கு உதவின. இரண்டுக்கு இரண்டு குமிழ் இடத்தில் உட்கார்ந்து, நடுவில் ஒரே ஒரு குமிழை நீட்டும் தகடு அது. மூன்று குமிழ் இடைவெளியில் வைத்துக்கொண்டு போனால் ஏழு தகடுகளும் இருபது குமிழுக்குள் கச்சிதமாக அடங்கின. பேத்தி இதைத் தானே கண்டுபிடித்தாள். கோட்டையைப் பிரித்ததற்கு அவளுக்குக் கிடைத்த பலன் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கோபுரம் ஐந்தாம் படியில் ஏறியது. சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் ஒன்றோடொன்று ஒட்டாமல்தான் இருந்தது. பக்கத்தில் மரப்பாச்சி ஜோடி கோபுரத்தில் பாதி உயரத்துக்கு நின்றது. வெற்றிலைப் பாக்கு வாங்க வந்தவர்கள் எல்லோரும், "யார் கட்டினது?" என்று கேட்டார்கள். அக்காவே எழுந்து வந்து, "பசங்கதான். அதுவும் நம்ம செங்கல் மாதிரிதான்" என்று விளக்கம் சொன்னாள்.

ஒருநாள் எல்லோருமாகச் சந்திரகிரிக்குப் போனோம். திருப்பதியிலிருந்து சில மைல்தான். விஜயநகர காலத்து ராஜமகால் அங்கே மூன்று நிலையாக நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்பு தவிர மரமே சேர்க்காமல் கட்டியது. பிள்ளைகள் இருவரும் அதன் வளைவுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த வருஷம் இது" என்றான் பையன். "வளைவு எப்படி நிக்குது தாத்தா?" என்றாள் அவள். அந்தப் பாடத்துக்கு ஓர் ஆண்டு அவகாசம் இருக்கிறது.

விஜயதசமிக்கு மறுநாள் கோபுரத்தை அவர்களே பிரித்தார்கள். யாருடைய கட்டை எது என்று பிரிப்பதற்கே ஒரு பகல் ஆயிற்று. ஏழு கலசத் தகடுகளில் மூன்றைப் பேத்தி அவனிடம் விட்டு வந்தாள். அவன் தன் சிவப்புக் கட்டைகளில் ஒரு பிடி தந்தான்.

நம் சங்கத்து நவராத்திரி விழாவுக்கு ஒரு யோசனை. குழந்தைகள் தத்தம் வீட்டுக் கட்டைகளைக் கொண்டு வரட்டும். ஒரு மேசை போதும். குறிப்புப் புத்தகம் வேண்டாம். ஊரில் பார்த்த ஒரு கட்டடத்தை, கோயிலோ, ரயில் நிலையமோ, தாத்தா வீட்டுத் திண்ணையோ, அவர்களே கட்டட்டும். உறுப்புகளின் பெயரை மட்டும் பெரியவர்கள் தமிழில் சொல்லிக் கொடுப்போம். சுவர் இரண்டு குமிழ் கனம் இருக்கட்டும்.